அழுத பிள்ளை பால் குடிக்கும்

மாலை ஆறரை மணிக்கு மளிகைக் கடையில் நிற்க இடம் இருக்காது. அண்ணாச்சி ஒரு கையால் துவரம் பருப்பை நிறுத்துக்கொண்டே மறு கையால் சில்லறை கொடுப்பார். கல்லாவுக்கு முன்னால், நான்கு வயதுக் குழந்தையின் கண்ணுக்கு நேராக, மிட்டாய் டப்பாக்கள் வரிசையாக இருக்கும். ஒரு பையன் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிறான்.

"அம்மா, அது வேணும்."

"வேணாம்டா. நேத்துதானே தின்னே."

"ஒண்ணே ஒண்ணும்மா."

அம்மா பதில் சொல்லாமல் சீட்டைப் பார்த்து அடுத்த சாமானைச் சொல்கிறாள். பையன் சிணுங்குகிறான். பிறகு அப்படியே தரையில் உட்காருகிறான். ஒரு செருப்பைக் கழற்றி எறிகிறான். அப்புறம் தொடங்குகிறது அழுகை. தெருவில் போகிறவர்கள்கூட நின்று பார்க்கிற அழுகை. பின்னால் நிற்கும் பாட்டி, "அஞ்சு ரூபா மிட்டாய்தானே, வாங்கிக் குடுத்துட்டுப் போயேம்மா" என்கிறார். அம்மாவுக்கு முகம் சுண்டிப் போகிறது. "இந்தா, தின்னு. இதுதான் கடைசி." மிட்டாய் கைக்கு வந்ததும் அழுகை நிற்கிறது. கன்னத்துக் கண்ணீர் காய்வதற்குள் காகிதத்தைப் பிரித்துவிடுகிறான்.

இந்த அம்மாவுக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்டதை வாங்கிக் கொடுத்தாயிற்று. பிறகு ஏன் நாளைக்கு இன்னும் பெரிதாக அழுகிறான்? ஒருநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு மறுத்தால், அன்றைக்கு என்றுமில்லாத கூத்து நடக்கிறதே, அது ஏன்? "நான் தினமுமா வாங்கித் தருகிறேன், எப்போதாவது ஒருநாள்தானே" என்று சொல்கிற வீட்டில்தான் அடம் தீராமல் இருக்கிறது. அதற்கு என்ன காரணம்?

"அவன் பிடிவாதக்காரன், அப்படியே அவன் தாத்தா" என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அந்தப் பதில் எனக்கு உடன்பாடில்லை. அடத்தைக் குழந்தையின் குணம் என்று எழுதிவிட்டால், அந்தக் கடைவாசலில் உண்மையில் என்ன நடந்தது என்பதைப் பார்க்காமலே போய்விடுவோம். அதைப் பார்க்க உளவியல் நமக்குச் சில சொற்களைத் தந்திருக்கிறது. எல்லோரும் கேள்விப்பட்ட சொற்கள்தாம், ஆனால் பாதிக்குமேல் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டவை.

பழமொழியின் அடுத்த வரி

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள். வாய்விட்டுக் கேட்கிறவனுக்குத்தான் காரியம் ஆகும் என்ற பொருளில், பெரும்பாலும் பெரியவர்களைப் பற்றியே இதைச் சொல்கிறோம். கொஞ்சநேரம் அதை நேர்ப்பொருளிலேயே வைத்துக்கொள்வோம். முதலில் அழுகை, பிறகு பால். பழமொழி அதோடு நின்றுவிடுகிறது. பால் குடித்த பிள்ளை அடுத்த தடவை பசிக்கும்போது என்ன செய்யும் என்று அது சொல்லவில்லை.

அந்த அடுத்த தடவையை அளந்து பார்த்தவர் எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க இளைஞர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் செய்த ஆய்வு 1898-ல் வெளியானது. மரச்சட்டங்களால் ஆன கூண்டுகளை அவரே தட்டிச் சேர்த்தார். பசித்த பூனையை உள்ளே விட்டு, வெளியே கண்ணுக்குத் தெரியும்படி தீனி வைத்தார். உள்ளே தொங்கும் ஒரு வளையத்தை இழுத்தால் கதவு திறக்கும். பூனைக்கு அது தெரியாது. பிறாண்டும், கடிக்கும், சட்டங்களுக்கு இடையே உடம்பை நுழைத்துப் பார்க்கும். அந்தக் களேபரத்தில் ஏதோ ஒரு கணத்தில் பாதம் வளையத்தில் மாட்டிக்கொள்ளும், கதவு திறக்கும், தீனி கிடைக்கும். மறுபடி உள்ளே விடுவார்.

ஒரு பூனை வெளியே வர எடுத்துக்கொண்ட நேரத்தை அவர் இப்படிக் குறித்திருக்கிறார்: 160 வினாடி, பிறகு 30, பிறகு 90, 60, 15. இப்படி ஏறி இறங்கி, கடைசியில் 7 வினாடிக்கு வந்து நின்றது. 30-க்குப் பின் 90 வந்திருப்பதைக் கவனியுங்கள். பூனைக்கு "ஓ, இதுதான் சூட்சுமமா" என்று பளிச்சென்று விளங்கியிருந்தால் நேரம் ஒரேயடியாக விழுந்து அங்கேயே நின்றிருக்கும். அப்படி நடக்கவில்லை. பயன் தராத அசைவுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன, பயன் தந்த அசைவு மட்டும் மெல்ல மெல்ல நிலைத்தது. பி.எட். படித்தவர்கள் இதை 'முயன்று தவறிக் கற்றல்' என்றும், இதிலிருந்து அவர் வகுத்த விதியை 'விளைவு விதி' என்றும் மனப்பாடம் செய்திருப்பார்கள். நல்ல விளைவைத் தந்த செயல் மறுபடி நிகழும் என்பதே அந்த விதி.

கடையில் அழுத பையனைத் தந்திரக்காரன் என்று திட்டுகிறவர்கள் இந்தப் பூனையை நினைத்துக்கொள்ள வேண்டும். அவன் திட்டம் போடவில்லை. கேட்டான், சிணுங்கினான், உட்கார்ந்தான், எறிந்தான், கத்தினான். ஐந்தில் ஒன்று கதவைத் திறந்தது.

கூட்டலும் கழித்தலும்

தார்ண்டைக்கின் விதியை எடுத்து, அதற்குக் கறாரான சொற்களைத் தந்தவர் பி. எஃப். ஸ்கின்னர் (1904-1990). அவருடைய பெட்டிகளில் எலிகள் ஒரு சின்ன நெம்புகோலை அமுக்கும், தீனி உருண்டை ஒன்று விழும். ஒரு செயலுக்குப் பின்னால் வரும் விளைவு, அந்தச் செயல் மறுபடி நிகழ்வதை அதிகமாக்கினால் அதற்கு வலுவூட்டல் என்று பெயர்.

இந்த வரையறையில் நம்முடைய நோக்கத்துக்கு இடமே இல்லை. ஆசிரியர் ஒருவர் கடைசி பெஞ்சுப் பையனை எழுப்பி நிறுத்தித் திட்டுகிறார். அவர் மனதில் அது தண்டனை. வகுப்பே சிரித்துத் திரும்பிப் பார்த்த அந்த ஒரு நிமிடம், வேறு எதற்கும் யாரும் ஏறிட்டுப் பார்க்காத அந்தப் பையனுக்கு எப்படி இருந்தது என்பது வேறு விஷயம். அடுத்த வாரம் அவன் சேட்டை கூடியிருந்தால், அந்தத் திட்டு வலுவூட்டல்தான். பின்னால் என்ன நடந்தது என்பதை வைத்தே பெயர் சொல்ல முடியும்.

வலுவூட்டலில் இரண்டு வகை. ஏதோ ஒன்று வந்து சேர்வதால் செயல் வலுப்பெற்றால் அது நேர்மறை வலுவூட்டல். ஏதோ ஒன்று விலகிப் போவதால் செயல் வலுப்பெற்றால் எதிர்மறை வலுவூட்டல். இந்த இரண்டு பெயர்களும்தாம் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். 'எதிர்மறை' என்று கேட்டவுடன் நம் மனம் அடி, திட்டு, தண்டனை என்று ஓடிவிடுகிறது. நேர்காணல்களில், மேடைப்பேச்சுகளில், நாளிதழ்களில் எத்தனையோ பேர் அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே இந்த அத்தியாயத்தில் அவற்றைக் கூட்டல் வலுவூட்டல், கழித்தல் வலுவூட்டல் என்றே சொல்லப் போகிறேன். இங்கே நல்லது கெட்டது என்ற பேச்சே இல்லை. ஒன்றில் ஏதோ கூடுகிறது, மற்றதில் ஏதோ கழிகிறது. இரண்டிலும் செயல் வலுப்பெறுகிறது.

கழித்தலுக்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். காரில் ஏறி உட்கார்ந்தவுடன் 'பீப் பீப்' என்று ஓர் ஒலி உயிரை வாங்குகிறது. சீட் பெல்ட்டை மாட்டினால் ஒலி நிற்கிறது. நாளடைவில் கை தானாகப் பெல்ட்டைத் தேடுகிறது. யாரும் நமக்குப் பரிசு தரவில்லை, ஒரு தொல்லை கழிந்தது, அவ்வளவுதான். தலைவலிக்குத் தைலம் தேய்ப்பது, அரிப்பெடுத்தால் சொறிவது, கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கே சன்னலைச் சாத்துவது எல்லாமே இந்த வகைதான்.

இந்தக் குழப்பத்துக்கு நம்மை மட்டும் குறை சொல்ல முடியாது. ஸ்கின்னரே தம் 1938-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் எதிர்மறை வலுவூட்டல் என்ற சொல்லைத் தண்டனை என்ற பொருளில்தான் எழுதியிருந்தார். 1950-களில் பொருளை மாற்றிக்கொண்டார். பழைய பொருள் மட்டும் உலகத்தின் வாயிலிருந்து போகவில்லை. 1975-ல் ஜாக் மைக்கேல் என்ற உளவியலாளர், இந்த நேர்மறை எதிர்மறைப் பிரிவினையே இனி வேண்டாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. எனக்கு என்னவோ பிரிவினை வேண்டும் என்றே தோன்றுகிறது. காரணம் அந்த மளிகைக் கடையில் இருக்கிறது.

கடையில் இரண்டு மாணவர்கள்

மிட்டாய் கைமாறிய அந்த நொடிக்குத் திரும்புவோம். பையன் பக்கத்திலிருந்து பார்த்தால்: அழுதான், மிட்டாய் வந்தது. அழுகைக்குக் கூட்டல் வலுவூட்டல். இதை எல்லோரும் பார்க்கிறோம்.

அம்மா பக்கம் போய் நின்று பாருங்கள். காதைப் பிளக்கும் அழுகை, அத்தனை பேரின் பார்வை, பாட்டியின் குரல். மிட்டாயை வாங்கிக் கொடுத்த மறுநொடி எல்லாம் போயிற்று. தொல்லை கழிந்தது. அவளுடைய எந்தச் செயலுக்குப் பிறகு கழிந்தது? விட்டுக்கொடுத்ததற்குப் பிறகு. ஆகவே விட்டுக்கொடுக்கிற அவள் செயலுக்குக் கழித்தல் வலுவூட்டல். அன்று மாலை அந்தக் கடையில் மாணவர்கள் இரண்டு பேர். ஒருவன் அழக் கற்றான், ஒருத்தி விட்டுக்கொடுக்கக் கற்றாள். ஒருவருக்கு மற்றவர் ஆசிரியர். இருவருக்கும் அது தெரியாது.

அடுத்து வரும் நாட்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம். செவ்வாய்க்கிழமை அவன் சிணுங்கினான். அம்மா உறுதியாக இருந்தாள். தரையில் உட்கார்ந்தான், அப்போது வாங்கிக் கொடுத்தாள். வியாழக்கிழமை சிணுங்கலைத் தாண்டி நேரே தரைக்குப் போனான், ஏனென்றால் சிணுங்கல் பலிக்கவில்லை, தரை பலித்தது. "இதுக்கெல்லாம் இன்னைக்கு மசியக் கூடாது" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். செருப்பு பறந்தது. பாட்டி பேசினார். வாங்கிக் கொடுத்தாள். சனிக்கிழமை செருப்பிலிருந்தே தொடங்குகிறான்.

அவள் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பொறுத்துப் பார்த்தாள். ஆனால் அந்தப் பொறுமை எங்கே முறிகிறதோ, அந்தப் படியில்தான் மிட்டாய் இருக்கிறது. சர்க்கஸில் விலங்கைப் பழக்குகிறவர் செய்வதும் இதுவே: சின்ன அசைவுக்கு முதலில் தீனி, பிறகு அதைவிடப் பெரிய அசைவுக்கு மட்டும் தீனி. இதைப் படிப்படியாய் வார்த்தல் என்று சொல்லலாம். பழக்குகிறவர் தெரிந்து செய்கிறார். இந்த அம்மா, கண்டிப்பாக இருக்க முயன்றதாலேயே, தெரியாமல் செய்துவிட்டாள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வேலை முடிந்து களைத்து வந்து, வரிசையில் நிற்கிற எவருக்கும் இதுதான் நேரும்.

அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் குடும்பங்களின் வீடுகளுக்கே ஆட்களை அனுப்பி, யார் எதற்குப் பின் என்ன செய்தார்கள் என்று நொடிக் கணக்கில் குறிக்கச் செய்தார். 1982-ல் வந்த அவருடைய புத்தகத்தின் மையம் இந்த இருவழிப் பாடம்தான். ஒருவர் மற்றவருக்குத் தொல்லை தந்து தந்து, விட்டுக்கொடுக்க வைத்து, அந்த விட்டுக்கொடுத்தலையே பழக்கமாக்கிவிடும் வட்டம் அது. கழித்தல் வலுவூட்டல் என்ற சொல் இல்லாவிட்டால் வட்டத்தின் மறுபாதி, அதாவது பெரியவரின் பாதி, கண்ணுக்கே தெரியாது.

தீனி உருண்டை தீரவிருந்த சனிக்கிழமை

"எப்போதாவது ஒருநாள்தானே" என்ற கேள்விக்கு வருவோம்.

ஸ்கின்னரின் எலிகளுக்குத் தீனி உருண்டை கடையில் கிடைக்கவில்லை. அந்தக் காலத்து மருந்துக்கடைக்காரர் மாத்திரை உருட்டுவதுபோல, ஒரு கருவியில் கையாலேயே உருட்ட வேண்டும். எட்டு எலிகள், ஒவ்வொன்றும் நாளைக்கு நூறு உருண்டை. ஒரு சனிக்கிழமை பிற்பகலில் இருப்பைக் கணக்குப் பார்த்தார். அன்றைய மிச்சப் பொழுதெல்லாம் உட்கார்ந்து உருட்டினால் தவிர, திங்கட்கிழமை முற்பகலுக்குள் தீனி தீர்ந்துவிடும். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஏன் தர வேண்டும் என்று அப்போது அவருக்குத் தோன்றியது. நிமிடத்துக்கு ஓர் உருண்டை என்று வைத்தார். எலிகள் சோர்ந்து நிறுத்திவிடவில்லை, சீராக அமுக்கிக்கொண்டே இருந்தன. பின்னாளில் சார்ல்ஸ் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து, எந்த முறையில் இடைவெளி விட்டுத் தீனி தந்தால் எப்படி நடக்கும் என்று புறாக்களிடம் ஆராய்ந்து 1957-ல் ஒரு பெரும் புத்தகம் வெளியிட்டார். ஏறத்தாழ 70,000 மணிநேரப் பதிவு, சுமார் 25 கோடிச் செயல்கள். தொடக்கம் அந்தச் சனிக்கிழமைச் சிக்கனம்.

இது இடைவிட்ட வலுவூட்டல். இதன் முக்கியமான பண்பு, வலுவூட்டல் அடியோடு நின்றுபோன பிறகுதான் தெரியும். ஒவ்வொரு தடவையும் தீனி பெற்ற எலி சீக்கிரம் நிறுத்திவிடும். எப்போதாவது பெற்ற எலி நெடுநேரம் அமுக்கிக்கொண்டே இருக்கும்.

காரணத்தை உங்கள் கையே சொல்லும். சுவரில் உள்ள விளக்கு சுவிட்சைத் தட்டுகிறீர்கள், எரியவில்லை. இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு மின்சாரம் போயிற்று என்று எழுந்து போய்விடுவீர்கள். பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் டிவி ரிமோட்டை எடுங்கள். ஒரு தடவை வேலை செய்யும், நாலு தடவை செய்யாது. அதை எத்தனை முறை அமுக்குவீர்கள்? கையை நீட்டி, சாய்த்து, பின்பக்கம் தட்டி, பேட்டரியை உருட்டிவிட்டு, மறுபடி அமுக்கி, ஒருநாள் அது முழுக்கச் செத்த பிறகும் அமுக்கிக்கொண்டிருப்பீர்கள். சுவிட்ச் எப்போதும் எரிந்தது என்பதால் ஒரு தோல்வியே செய்தி. ரிமோட்டில் தோல்வி சகஜம் என்பதால், எத்தனை தோற்றாலும் 'அடுத்த தடவை' என்ற நம்பிக்கை அறுந்துபோவதில்லை.

பத்து நாளில் ஒன்பது நாள் மறுத்து ஒருநாள் மட்டும் விட்டுக்கொடுக்கிற அம்மா, தன்னைக் கண்டிப்பானவள் என்று நினைத்துக்கொள்கிறாள். பையனுக்கு அவள் ரிமோட்.

கதவுக்கு அப்பால் 45 நிமிடம்

வலுவூட்டலை முழுக்க நிறுத்தினால் என்ன ஆகும்? செயல் படிப்படியாகக் குறைந்து இல்லாமல் போகும். இதை அணைதல் என்று சொல்வோம். ஸ்கின்னர் இதன் முதல் வரைபடத்தைத் தற்செயலாகத்தான் பெற்றார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் இல்லாத நேரத்தில் தீனிக் கருவி சிக்கிக்கொண்டது. எலி அமுக்கி அமுக்கிப் பார்த்துக் குறைத்துக்கொண்ட கோடு தாளில் அழகாகப் பதிவாகியிருந்தது. சொல்லி மகிழ ஆய்வகத்தில் ஆளில்லை. அந்த வார இறுதி முழுவதும், தாம் செத்துப்போனால் கண்டுபிடிப்பும் போய்விடுமே என்று தெருவைக்கூடப் பார்த்துப் பார்த்துக் கடந்ததாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

எலியில் கண்டது பிள்ளையிடம் பலிக்குமா என்று பார்த்த ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று 1959-ல் மயாமி பல்கலைக்கழகத்தின் கார்ல் வில்லியம்ஸ் எழுதியது. ஒரே பக்கக் கட்டுரை. இன்றும் பாடநூல்களில் வருகிறது.

21 மாத ஆண் குழந்தை. பிறந்து முதல் பதினெட்டு மாதங்கள் கடும் நோயில் கிடந்தவன். அந்த நாட்களில் வீடே அவனைச் சுற்றி நின்றது, நிற்கத்தான் வேண்டும். பிறகு உடம்பு தேறிவிட்டது. ஆனால் இரவு தூங்கப் போகும்போது பெற்றோரோ, அவர்களோடு இருந்த அத்தையோ, அவன் தூங்கும்வரை அறையிலேயே இருக்க வேண்டும். அவர்கள் எழுந்து போனால் கத்துவான். அரை மணியிலிருந்து இரண்டு மணிநேரம்வரை இப்படிப் போகும். இருக்கிறவர் ஒரு புத்தகத்தைப் பிரித்தால்கூட, கீழே வைக்கும்வரை அழுகை. அந்த வீட்டு மனிதர்களின் களைப்பை இந்த ஒரு வரியிலேயே நான் உணர்கிறேன்.

மருத்துவ ரீதியாக ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு முறையை மாற்றினார்கள். அவசரமில்லாமல், அன்பாக, கொஞ்சிப் படுக்க வைத்தார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள். கதவு மறுபடி திறக்கவில்லை. அழுகையின் நீளத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்தார்கள். முதல் தடவை 45 நிமிடம். இரண்டாம் தடவை, அநேகமாக முந்தினதன் அசதியால், அழவே இல்லை. மூன்றாம் தடவை கொஞ்சநேரம் அழுதான். பிறகு குறைந்துகொண்டே வந்தது. பத்தாவது தடவை, அவர்கள் வெளியே போகும்போது சிரித்துக்கொண்டு படுத்திருந்தான்.

ஒரு வாரம் கழிந்தது. அன்று அத்தையின் முறை. அணைந்துபோன செயல் சில நாள் இடைவெளிக்குப் பிறகு, யாரும் தூண்டாமலே ஒருமுறை தலைகாட்டுவதுண்டு. தானாய் மீள்தல் என்று அதைச் சொல்லலாம். குழந்தை அழுதான். அத்தை உள்ளே போய், அவன் தூங்கும்வரை உட்கார்ந்திருந்தார். அந்த ஒரே இரவுதான். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அணைதல் இரண்டாம் முறையும் நடந்தது, அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் அந்தப் பிரச்சினை வரவில்லை. மூன்றே முக்கால் வயதில் கலகலப்பான, எல்லோரோடும் பழகுகிற பிள்ளையாக இருந்தான் என்று கட்டுரை முடிகிறது.

ஒரு குழந்தையின் கதை எல்லாக் குழந்தைக்கும் சாட்சி ஆகாது. பிற்பாடு வந்த பல ஆய்வுகள் பொதுவாக இதே பக்கம் நிற்கின்றன. ஆனால் உங்கள் பிள்ளையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் பிள்ளைகள் நம் பக்கத்தில்தான் தூங்குகிறார்கள், அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. அந்த அத்தைக்காகத்தான் இதை எழுதினேன். அவர் செய்தது பாசத்தால். அந்தப் பாசத்தால் குழந்தை கூடுதலாக எத்தனையோ இரவுகள் அழ வேண்டியிருந்தது.

அணையும் விளக்கு

அணையப் போகிற விளக்கு ஒருமுறை சுடர்விட்டு எரியும் என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். வலுவூட்டல் நின்றவுடன் செயல் குறைவதற்கு முன் திடீரென்று கூடுவதும் அப்படித்தான். அம்மா மறுத்த அன்று என்றுமில்லாத கூத்து ஏன் என்ற கேள்விக்கு விடை இதுவே. இதை அணையுமுன் சுடர் என்று அழைக்கலாம். ரிமோட்டை ஓங்கி ஓங்கி அமுக்கினீர்களே, அதுவும் இதுதான்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். சுடர் உச்சத்தில் எரியும்போது பயந்து விட்டுக்கொடுத்தால், அந்த உச்சமே புதிய தொடக்கப் படியாகிவிடுகிறது.

ஆனால் சுடர் எல்லோருக்கும் வரும் என்று பயமுறுத்துவது சரியில்லை. டோரதியா லெர்மன், பிரையன் இவாட்டா இருவரும் 1995-ல் 113 பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். சுடர் தெரிந்தது 24 சதவீதத்தில்தான். அணைதலை மட்டும் தனியாகச் செய்தபோது 36 சதவீதம். கூடவே வேறு ஏதேனும் வழியையும் சேர்த்துச் செய்தபோது 12 சதவீதம். இந்தக் கடைசி எண்ணை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு கதவை அடைக்கும்போது இன்னொரு கதவைத் திறந்து வைத்தால், குழந்தை அடைத்த கதவில் போய் அவ்வளவு மோதுவதில்லை.

எந்தக் கதவு? எட்வர்ட் கார், மார்க் டூரண்ட் இருவரும் 1985-ல் வெளியிட்ட ஆய்வில், வளர்ச்சிக் குறைபாடு உள்ள சில குழந்தைகள் வகுப்பில் ஏன் முரட்டுத்தனம் செய்கிறார்கள் என்று முதலில் பார்த்தார்கள். சிலர் கவனத்துக்காக, சிலர் கடினமான பாடத்திலிருந்து தப்பிக்க. பிறகு அதையே வாய்விட்டுக் கேட்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பாடம் கடினமாக இருந்தவனுக்கு, புரியவில்லை என்று சொல்ல. கவனம் வேண்டியவனுக்கு, நான் செய்தது சரியா என்று கேட்க. கேட்டபோது கிடைத்தது, முரட்டுத்தனம் வெகுவாகக் குறைந்தது.

எது பால் என்று தெரியாமல்

அழுகையைக் கண்டுகொள்ளாதே என்ற அறிவுரை இப்போது எங்கும் கேட்கிறது. அது பல வீடுகளில் கொடுமையாகவே முடிகிறது. கண்டுகொள்ளாமை அணைதலாக வேண்டுமானால், கண்டுகொள்வதுதான் அந்த அழுகைக்கு வலுவூட்டலாக இருந்திருக்க வேண்டும். காது வலித்து அழுகிற குழந்தையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அது அணைதலே இல்லை, நோயில் கைவிட்டதுதான். பசியில், பயத்தில், வலியில் அழுகிற அழுகைக்கும் இதுவே பொருந்தும். வில்லியம்ஸும் முதலில் உடம்பைத்தான் சரிபார்த்துக்கொண்டார்.

கைக்குழந்தையின் அழுகையோ முற்றிலும் வேறு. பால்டிமோர் நகரில் சில்வியா பெல், மேரி எய்ன்ஸ்வொர்த் இருவரும் 26 குழந்தைகளை முதல் ஆண்டு முழுவதும் வீட்டுக்கே போய்க் கவனித்து 1972-ல் எழுதினார்கள். முதல் சில மாதங்களில் அழுதவுடன் ஓடிவந்த தாய்மார்களின் குழந்தைகள், ஆண்டின் கடைசியில் குறைவாகவே அழுதார்கள். வலுவூட்டல் ஆய்வாளர்கள் இந்த முடிவைக் கடுமையாக எதிர்த்து வாதாடினார்கள். என் மனம் பெல், எய்ன்ஸ்வொர்த் பக்கம் சாய்கிறது. மூன்று மாதக் குழந்தைக்குக் கேட்பதற்கு வேறு மொழி கிடையாது. பழமொழியில் வரும் பிள்ளை அதுதான், பால் குடிக்கிற பிள்ளை. அழுதால் தூக்கிக்கொள்ளுங்கள்.

அடிக்கிற கை

அடியாத மாடு படியாது என்பதும் நம் பழமொழிதான். கடையில் அந்த அம்மா பையனின் முதுகில் ஒன்று வைத்திருந்தால்? ஒரு செயலைக் குறைக்கிற விளைவுக்குத் தண்டனை என்று பெயர். அதே 1938-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் ஸ்கின்னர், தீனி நின்றுபோன எலிகள் நெம்புகோலை அமுக்கும்போது அது பாதத்தில் திருப்பி அடிக்கும்படி செய்து பார்த்தார். எலிகள் உடனே அடங்கின. ஆனால் போகப்போக மறுபடி அமுக்கத் தொடங்கி, மொத்தக் கணக்கில் அடிபடாத எலிகளுக்குச் சமமாக வந்துவிட்டன. கடுமையான தண்டனை நெடுங்காலம் அடக்கிவைக்கும் என்று பின்வந்தவர்கள் காட்டினார்கள். எந்த வீட்டிலும் எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கடுமை வேண்டாம்.

இங்கே என்னை உறுத்துவது அடிபட்ட பிள்ளையோடு சேர்த்து அடித்த கையும்தான். அடித்தவுடன் சத்தம் நிற்கிறது. தொல்லை கழிகிறது. அடித்த கைக்குக் கழித்தல் வலுவூட்டல். நாளைக்கு அந்தக் கை இன்னும் சீக்கிரம் எழும். நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. சட்டம் வந்தும் கை நிற்காத வகுப்பறைகள் இருக்கின்றன என்றால், ஒவ்வொரு அடிக்குப் பின்னும் கிடைக்கிற அந்த இரண்டு நிமிட அமைதி ஆசிரியரைப் பழக்கிக்கொண்டிருக்கிறது என்பது ஒரு காரணம்.

மறுபடி ஆறரை மணி

அந்த அம்மா இப்போது வேறு மாதிரி கடைக்குப் போகிறாள். கிளம்பும் முன்பே பையனுக்குச் சாப்பிட ஏதாவது கொடுத்துவிடுகிறாள், பசியோடு மிட்டாய் டப்பாவைப் பார்ப்பது அவனுக்குக் கஷ்டம். நல்லபடியாகக் கேட்டால் ஒன்று உண்டு, அழுதால் அன்றைக்குக் கிடையாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். இதை வீட்டில் மாமியாரிடமும் கணவனிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். பையன் பருப்புப் பொட்டலங்களைப் பையில் அடுக்குகிறான். அடுக்கிவிட்டு, "ஒண்ணு வாங்கலாமாம்மா?" என்று கேட்ட இரண்டு மாலைகளிலும், அவன் கேட்டு வாய் மூடுவதற்குள் வாங்கிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் பொட்டலம் அடுக்கப் பொறுமையில்லை. கேட்கவும் இல்லை, நேரே தரைக்குப் போய்விட்டான். செருப்பு பறந்தது. அவள் குனிந்து செருப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அவன் பக்கத்திலேயே நின்றாள். திட்டவில்லை. பின்னாலிருந்து அதே குரல்: "அஞ்சு ரூபாதானேம்மா."

"நாளைக்குக் கேட்டான்னா வாங்கித் தரேன் பாட்டி" என்றாள். "இன்னைக்கு அழுதுட்டான்."